ஐஸ் ரூம் கதவுக்காரி

“குளிரைத் தாங்கக் கத்துக் குடு, தங்கச்சி,” என்றான் கஸ்பார்.

ஐஸ் ரூம் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து இசக்கியம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் உருட்டிக்கொண்டு வந்த சைக்கிளைப் பார்த்தாள்.

“இது என்ன அண்ணாச்சி, டயருக்கு நீர் கோத்திருக்கா?”

“பனியில ஓட்டுத சைக்கிள். டயர் மெலிசா இருந்தா புதைஞ்சிரும்.”

“தூத்துக்குடியில ஏது பனி?”

“இங்க இல்ல. வட துருவத்துக்குக் கிட்ட ஒரு நாடு. மாசி மாசம் பந்தயம். அறுநூறு கிலோமீட்டர், பனிக்காட்டுக்குள்ள.”

“மைனஸ் எத்தன?”

“முப்பது. சில நாள் நாப்பது.”

அவள் ஃபிளாஸ்க் மூடியைக் கவிழ்த்து மிச்சத் தேநீரை உதறினாள்.

“அதெல்லாம் தாங்க முடியாது. வீட்டுக்குப் போங்க.”

கஸ்பார் போகவில்லை.

அவன் கால்கள் பழகியிருந்தன. ஐந்து மாதம் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்டியிருந்தான். கட்டைவிரல் அமுங்குகிற அளவுக்குக் காற்றை இறக்கிவிட்டால் சக்கரத்துக்கு மணலும் பனியும் ஒன்றுதான். ஒவ்வொரு மிதியையும் எண்ணிக்கொண்டே போவான். கண்ணுக்கு எதுவுமே தெரியாத வெளியில் மனம் கழன்றுவிடாமல் இருக்க அந்த எண்ணிக்கைதான் பிடி.

வயது நாற்பத்தாறு. கப்பலின் என்ஜின் அறையில் இருபது வருஷம் வெந்த உடம்பு. இந்த ஊரில் கிடைக்காதது குளிர் ஒன்றுதான். அது இருக்கிற இடம் இந்த இறால் கம்பெனியின் ஐஸ் ரூம். மைனஸ் இருபத்திரண்டு.

உள்ளே யார் போகலாம், யாரை எப்போது வெளியே இழுக்கவேண்டும் என்பதைப் பதினெட்டு வருஷமாக முடிவு செய்கிறவள் இசக்கி. அவளுடைய இடது காதில் நுனி இல்லை; குளிர் தின்றது.

“நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்,” என்றான். “குளிரைத் தெரிஞ்ச நீ சொன்னாத்தான் நம்பி ஜெரால்டை அவன் அம்மா என்கூட அனுப்புவா.”

“யாரு ஜெரால்டு?”

“என் கூட்டாளியோட தம்பி. முதல் தடவ போறவன், ஏற்கெனவே போன ஒருத்தனோடதான் போகணும். பந்தயத்துல அப்படி ஒரு விதி.”

“கூட்டாளி எங்க?”

“போன வருஷம் அங்கயே செத்துட்டான். அண்ணன் செத்த இடத்தைப் பாக்கணும்கான் தம்பி.”

இசக்கி எழுந்து கதவைத் திறந்தாள். வெண்புகை அவள் பாதங்களில் வந்து விழுந்தது.

“உள்ள வாங்க.”

*

இறால் பெட்டி அடுக்குகளுக்கு நடுவே, பின்சக்கரத்தை ஒரு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, கஸ்பார் மிதித்தான். கதவோரம் சிவப்பாக ஒரு பெல் இருந்தது. முடியாதவர்கள் அடிப்பதற்கு.

பெட்டி தூக்குகிற சுடலைமுத்து கடந்து போகும்போதெல்லாம் சிரித்தான்.

“அண்ணாச்சி, காலைலருந்து மிதிக்கிய. இன்னும் எட்டயபுரமே வரக் காணோம்.”

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவு ஒரு சாண் திறக்கும். இசக்கியின் குரல் வரும்.

“காலைல என்ன சாப்பிட்டிய?”

“இடியாப்பம்.”

கதவு மூடும்.

பாடம் அவ்வளவுதான்.

நான்காம் நாள் அவள் உள்ளே வந்து அவன் சட்டைக்குள் முதுகில் கையை வைத்தாள்.

“வெளிய வாங்க. செத்துட்டிய.”

“நல்லா வேகமாத்தான மிதிச்சேன்!”

“வேர்த்திருக்கு. மிதிய நிறுத்தினா இந்த வேர்வை ஐஸ் ஆயிரும். செத்துட்டிய.”

மறுநாள், கழன்ற சங்கிலியை மாட்டக் கையுறையைக் கழற்றினான்.

“செத்துட்டிய.”

அதற்கு மறுநாள், “தோசை” என்று சொல்ல அவனுக்கு மூன்று மூச்சு ஆயிற்று.

“செத்துட்டிய. வெளிய வாங்க.”

“ஒரே வாரத்துல மூணு சாவு,” என்றான் சுடலைமுத்து. “மாலைக்கு நான் எங்க போவேன்?”

ஆனால் ஒரு மாதத்தில் ஒரு நாள்கூட கஸ்பார் அந்த பெல்லைத் தொடவில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

*

முப்பதாம் நாள் வாசலில் உட்கார்ந்து சலித்துக்கொண்டான்.

“ஒரு நாளாவது எப்படி இருக்கியன்னு கேட்டியா? இட்லியா தோசையான்னே கேட்டுக்கிட்டு இருக்க.”

“அதக் கேக்க மாட்டோம்.”

“ஏன்?”

“செத்துக்கிட்டு இருக்கவனும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவான். என்ன சாப்பிட்டன்னு கேட்டாத்தான் முழிப்பான்.”

கஸ்பார் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு கைகள் தனியே அங்கே கிடப்பது போலிருந்தது.

“முந்நூத்திப் பத்தாவது கிலோமீட்டர்,” என்றான். “ஒரு மரத்தடியில உக்காந்துட்டான். தஸ்நேவிஸ்னு பேரு. பனிமய மாதாவுக்கு நேர்ந்து அவன் அம்மா வச்ச பேரு.”

“என்ன சொன்னாரு?”

“நான் நல்லாத்தாம்ல இருக்கேன், நீ போ, பின்னாலயே வாரேன்னான்.”

“போனியளா?”

“போனேன். அடுத்த குடிசை நாப்பத்தோரு கிலோமீட்டர். அங்க அடுப்புக்கிட்ட உக்காந்து அவனுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.”

இசக்கி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

“பந்தயத்துல ஆளுக்கொரு பட்டன் குடுப்பாங்க. அமுக்கினா வண்டி வந்து தூக்கிரும். அமுக்கினவனுக்குப் பந்தயம் அதோட முடிஞ்சுது. அவன் அமுக்கல. கையிலதான் வச்சிருந்தான். அமுக்கல, தங்கச்சி.”

இதை அவன் பலரிடம் சொல்லியிருந்தான். அந்த நாட்டுப் போலீஸிடம், பங்குச் சாமியாரிடம், தஸ்நேவிஸின் அம்மாவிடம். இந்த இடம் வரும்போது எல்லோரும் தலையை அசைப்பார்கள்.

இசக்கி அசைக்கவில்லை.

“ஆளுக்கொண்ணா?”

“ஆமா.”

“அப்ப உங்க பட்டன்?”

உள்ளே கம்ப்ரஸர் நின்றது. பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது.

அவன் எழுந்து வீட்டுக்குப் போனான். சைக்கிளை எடுக்க மறந்திருந்தான்.

*

மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து நின்றான். முகச்சவரம் செய்திருக்கவில்லை.

“சரின்னு சொல்லிரு. இல்ல, முடியாதுன்னு சொல்லிரு.”

“நாளைக்கு ரெண்டு மணி நேரம் மிதிங்க. மிதிச்சிட்டா சரின்னு சொல்லுதேன். நடுவுல பெல் அடிச்சா அவ்வளவுதான்.”

மறுநாள் மத்தியானம் அவன் மிதிக்கத் தொடங்கியதும், இசக்கியும் உள்ளே வந்து ஒரு காலி இறால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பேச்சுத் துணைக்கு,” என்றாள்.

அவன் வேர்க்காமல் மிதித்தான். கையுறையைக் கழற்றவில்லை. அரை மணி. ஒரு மணி. அவள் மகள் நர்சிங் சேர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். காலேஜ் ஹாஸ்டலில் சோறு வேகாததைச் சொன்னாள். மகளோடு அறையில் இருக்கிற பெண்ணின் பெயரைச் சொல்ல வந்து, நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி ஹாஸ்டல் சோற்றைச் சொன்னாள்.

பிறகு பேசவில்லை.

கஸ்பார் திரும்பிப் பார்த்தான். அவள் கோட்டின் ஜிப் வயிறுவரை இறங்கியிருந்தது. குளிர் முற்றினால்தான் உடம்பு வெக்கை என்று நம்பிக் கோட்டைத் திறக்கும்.

“என்ன தங்கச்சி?”

“நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க மிதிங்க. இன்னும் இருபது நிமிஷந்தான்.”

அவன் மிதித்தான்.

இருபது நிமிஷம். ஜெரால்டின் அம்மா பதிலுக்காகத் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள். இவள் பதினெட்டு வருஷம் இந்தக் குளிரில் கிடந்தவள், இவளுக்கு என்ன ஆகிவிடும். நல்லாத்தான் இருக்கேன் என்று இவளே சொல்லியாயிற்று.

கால்கள் நின்றன. அவன் நிறுத்தவில்லை, அவையாகவே நின்றன.

“காலைல என்ன சாப்பிட்ட?”

பதில் இல்லை.

“இசக்கி! காலைல என்ன சாப்பிட்ட?”

அவள் முகவாய் நெஞ்சில் சாய்ந்திருந்தது.

சைக்கிள் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. பெல்லை முஷ்டியால் அறைந்தான். கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே நின்றான்.

கதவு உடனே திறந்தது. வெளியே சுடலைமுத்து கம்பளியோடு நின்றான். வெகு நேரமாக அங்கேயே நிற்கிறவனைப் போல நின்றான். அவன் சிரிக்கவில்லை.

இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து மத்தியான வெக்கையில் கிடத்தினார்கள். கஸ்பார் அவள் கைகளைத் தன் சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டான். “இசக்கி, இசக்கி” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை அவன் வாயில் வேறொரு பெயர் வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“பழைய சோறு,” என்றாள். “நெத்திலிக் கருவாடு.”

கஸ்பார் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் உடம்பு நடுங்கியது. ஐஸ் ரூமில் ஒரு மாதமாக அப்படி நடுங்கியதில்லை.

அவள் எழுந்து, ஜிப்பை இழுத்துவிட்டு, முக்காலியில் போய் உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.

அவன் தரையிலிருந்து எழாமலேயே சொன்னான்.

“பெல் அடிச்சிட்டேன்.”

“கேட்டுச்சு.”

“அப்ப முடியாதுதான?”

அவள் மூடியில் தேநீர் ஊற்றினாள்.

“நல்லாத்தான் இருக்கேன்னு நான் சொன்ன பொறவு, எத்தன மிதி மிதிச்சிய?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எண்ணித்தான் இருந்தான்.

“பதினேழு.”

அவள் தேநீரை அவனிடம் நீட்டவில்லை. தானே குடித்தாள்.

“ஜெரால்டை அனுப்புதது அவன் அம்மா பாடு. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

“என்னன்னு? சரின்னா, முடியாதுன்னா?”

“பதினேழுன்னு.”