நாலு புள்ளிச் சொல்

கஸ்பார் முப்பத்தொரு வருஷம் கப்பலில் சமையல் செய்தவர். சரளமாகப் பேச வந்தது தமிழ் ஒன்றுதான். ஆனாலும் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் மீன், வெங்காயம், தண்ணீர் என்று கேட்டு வாங்குகிற அளவுக்கு அந்தந்த ஊர் வார்த்தைகளைப் பொறுக்கி வைத்திருந்தார்.

ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்கு வந்த மறுவருஷம் அவர் மனைவி செலினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை.

"மா."

பசித்தாலும் மா. ஜன்னலில் காக்கை வந்து உட்கார்ந்தாலும் மா. கேட்பதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, ஆனால் வாயில் வருவது அது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார்.

புருஷன் கடலில் கிடந்த காலத்தில் செலின் சனிக்கிழமைதோறும் நூலகத்தில் ஸ்கிராபிள் ஆடப் போவாள்; ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் கோத்து வார்த்தை அமைக்கிற ஆட்டம். அங்கே அவளை ஜெயிப்பது கஷ்டம். அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டால் அவளோடு ஏதாவது ஒரு வழியில் பேசிவிடலாம் என்று கஸ்பாருக்குத் தோன்றியது. அங்கே ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் மரகதம் டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிட இருபது வயது சின்னவர். இருந்தாலும் கஸ்பார் அவர் முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கைகட்டித்தான் உட்காருவார்.

முதல் நாள், பெரிய பெரிய வார்த்தையாக எப்படிக் கோப்பது என்று கேட்டார். டீச்சர் இரண்டே கட்டைகளை எடுத்துப் பலகையில் வைத்தார். எம், ஏ.

"மா. இதுவும் ஆட்டத்தில செல்லும் அண்ணாச்சி. இங்கிலீஷ்ல அம்மாவச் சுருக்கிக் கூப்பிடறது."

கஸ்பார் கட்டைகளின் மூலையில் இருந்த எண்களைப் பார்த்தார். எம்முக்கு மூன்று, ஏவுக்கு ஒன்று.

"நாலு புள்ளிதானா?" என்றார்.

டீச்சர் ஒரு நீளமான சொல்லை வைத்தார். அதை உரசினாற்போல அடுத்த வரிசையில் இன்னொரு நீளமான சொல்லையும் வைத்தார். இரண்டும் தொட்ட இடத்தில் அந்தச் சின்னச் சொல் மேலிருந்து கீழாக நின்றது.

"இது செல்லாதுன்னா இந்த ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார முடியாது" என்றார்.

கஸ்பார் தலையாட்டினார். அவர் மனம் பலகையில் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய சமையல் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். மா என்றால் தமிழிலேயே மாம்பழம், அரிசி மாவு, குதிரை. கொழும்பில் 'என்னை' என்பது. விசாகப்பட்டினத்தில் 'எங்களுடைய'. அரபுத் துறைமுகத்தில் தண்ணீர். சீனக் கப்பலின் சமையற்காரன் ஒரு தடவை சொன்னான், சமமாக இழுத்தால் அம்மா, தாழ்த்தி ஏற்றினால் குதிரை என்று. எல்லாவற்றையும் எழுதினார். பிறகு செலின் மா என்றபோதெல்லாம் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார்.

மாம்பழத்துக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் டம்ளரை இடது கையால் தள்ளினாள். ஒரு மத்தியானம் அவர் பழம், தண்ணீர், கொழுக்கட்டை, மாதா படம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து அவள் மடிக்கு முன்னால் நீட்டி, "இதுல எது செலின்? காட்டேன்" என்றார். அவள் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை கஸ்பார் நோட்டைக் கொண்டுபோய் டீச்சர் முன்னால் வைத்தார்.

"எட்டு மாசமாச்சு டீச்சர். இதுல எதுன்னு நீங்களாவது சொல்லுங்க."

டீச்சர் ஒரு வரி விடாமல் படித்தார். நோட்டை மூடிக் கொடுத்தார். ஸ்கிராபிள் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாங்க போகலாம் என்று அவரோடு நடந்தார்.

ஜன்னலோரம் செலினின் நாற்காலிக்கு எதிரே பலகையை விரித்தார்கள். கஸ்பார்தான் முதலில் ஆடினார். வெங்காயத்துக்கான ஆங்கில வார்த்தையை ஓர் எழுத்து பிசகி வைத்தார்.

செலின் அதைப் பார்த்தாள்.

"மாஆ" என்றாள்.

கஸ்பார் தண்ணீர் எடுக்க எழுந்தார். டீச்சர் கையமர்த்தி அவரை உட்கார வைத்தார். பிறகு செலின் பக்கம் திரும்பி, அவள் இழுத்தது போலவே இழுத்தார்.

"மாஆ."

செலின் திடுக்கிட்டுப் போனாள். டீச்சர் கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தில் தேடினாள். அப்படி எதுவும் இல்லை. மெல்ல முகவாயைப் புருஷன் பக்கம் நீட்டினாள்.

"மா. மா மா, மாஆ."

"மா?" என்றார் டீச்சர்.

"மா!"

டீச்சர் பெருமூச்சு விட்டு, பக்கத்து வீட்டுக்காரி ஆமோதிப்பது போல, "ம்மா" என்றார். செலின் சிரித்துவிட்டாள். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

பலகையை இரண்டு பேரும் மறந்துபோனார்கள். கஸ்பார் அரைமணி நேரம் செலின் இழுத்து இழுத்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இழுப்பு அவருக்குத் தெரியும். லீவில் வந்து பெட்டியைத் திறக்கும்போது, 'இதையா போய் வாங்கிட்டு வந்தீங்க' என்று அவள் கேட்பாளே, அதே இழுப்பு.

வாசலில் டீச்சர் செருப்பை மாட்டும்போது கஸ்பார் மெதுவாகக் கேட்டார்.

"அவ என்ன சொன்னா டீச்சர்?"

"தெரியல அண்ணாச்சி."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"அதுவும் சரியாத் தெரியல."

கஸ்பார் உள்ளே செலினின் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அது எந்த ஊர்ப் பாஷை?"

"இந்த வீட்டுப் பாஷைதான்" என்றார் டீச்சர். "எட்டு மாசமா அதைப் பேச ஒரே ஒரு ஆள்தான் இருந்தாங்க."