ஈரத்துணிக்கு அடியில்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு நாற்பத்தேழு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.

சீடர் பெயர் இஞ்ஞாசி. தூத்துக்குடியில் கடற்கரைத் தெருப் பிள்ளைகளுக்கு ஓர் இளைஞர் மன்றம் வைத்து, பத்தொன்பது வருடம் தனியாளாக இழுத்துக்கொண்டு போனவர். கபடி, டியூஷன், சண்டை விலக்குவது, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடப்பது எல்லாம் அவரே. கழுத்தில் விசில் தொங்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் தொங்கும்.

ஒருநாள் எழுந்து நின்று, "ஒரு வருசம் லீவு. யோசிக்கப் போறேன். ஏதாவது கத்துக்கப் போறேன்" என்றார். மன்றமே கைதட்டியது. இவ்வளவு பலமாகவா தட்டுவது என்று அவருக்குச் சுருக்கென்றது.

குரு மீரான்கனி. செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டாக் கடை. பதினைந்து வயதில் மன்றத்தில் இருந்தவன். இஞ்ஞாசி அவனை மூன்று தடவை வெளியே தள்ளி, நாலு தடவை உள்ளே கூப்பிட்டவர். அப்புறம் ஊர் ஊராக அடிபட்டு, மிதிபட்டு, சொந்தமாகக் கல் போட்டவன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும்.

இஞ்ஞாசி புது ஏப்ரனோடு வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய தாள்.

"என்ன சார் இது?"

"டைம் டேபிள். காலையில அஞ்சு டு ஆறு யோசனை. ஆறுல இருந்து பரோட்டா."

"யோசனை ஆறு மணிக்கு முடிஞ்சிருமா?"

"முடிக்கணும்லா!"

மீரான்கனி தாளை வாங்கி எண்ணெய் டின்னுக்கு அடியில் விரித்தான். "நல்ல தடிமன் சார்."

அதற்கெல்லாம் இஞ்ஞாசி அசரவில்லை. பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் பரோட்டா இலங்கை வரைபடம் போல வந்தது. அதைப் படம் பிடித்து ஜெயசீலிக்கு அனுப்பினார். மன்றத்துச் சாவி இப்போது அவளிடம்தான். இருபத்தாறு வயது, அங்கேயே வளர்ந்தவள். "இது வடக்கா தெற்கா அண்ணாச்சி?" என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் கடையில் கூட்டம் நெருக்கியது. இஞ்ஞாசியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பீய்!

ஒரு டிரைவர் கையில் பரோட்டாவோடு எழுந்து பஸ்ஸுக்கு ஓடினார்.

"விசிலைக் கழத்துங்க சார்!" மீரான்கனி வாங்கி ஆணியில் மாட்டினான். "இங்க உங்களுக்கு யாரு ஆட்டம் ஆடுறா?"

ஆறாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் மன்றத்தில் கபடி பைனல்.

மத்தியானம் மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, இரண்டு தட்டில் அடுக்கி ஈரத்துணி போட்டார்கள். ஒரு தட்டு கல்லுக்குப் பக்கத்தில். இன்னொன்று பின்கட்டில்.

"சாயங்காலம் வரைக்கும் ஊறணும். ரெண்டையும் நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டு மீரான்கனி தொழுகைக்குப் போனான்.

பாத்துக்கிடச் சொன்னால் இஞ்ஞாசி சும்மா இருப்பாரா? பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை முன்தட்டின் துணியைத் தூக்கினார். விரலால் அமுக்கிப் பார்த்தார். ஒன்று கோணலாகத் தெரிந்தது. எடுத்து மறுபடி பிசைந்து உருட்டினார். ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றது என்ன நினைக்கும்? எல்லாவற்றையும் உருட்டினார். இடையிடையே தூத்துக்குடிக்குப் போன்.

மூன்று மணிக்கு மனசு தாங்கவில்லை. வெளியே போய் நின்று பேசினார்.

"சீலி, போன வருசம் பைனல்ல மண்டை உடைஞ்சது ஞாபகம் இருக்கா? நான் அஞ்சு மணி பஸ்ல ஏறிருதேன்."

"வாங்க அண்ணாச்சி. சாவி மேசைமேல இருக்கும். நான் இருக்க மாட்டேன்."

"கோவப்படாத பிள்ள."

"கோவமில்ல. ஆறு நாள்ல நாப்பது போன். நீங்க வந்து நின்னா பயலுவ என் மொகத்தைப் பாப்பானுவளா, உங்க மொகத்தைப் பாப்பானுவளா? இந்த ஒருதடவை வந்துட்டீங்கன்னா, பொறவு காலம் பூரா நீங்களே நடத்துங்க."

போன் வைக்கப்பட்டது. போனால் சீலியும் இல்லை, லீவும் இல்லை. போகாவிட்டால் நாளைக்கு யார் மண்டையோ? பஸ் ஸ்டாண்டை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, நாலே முக்காலுக்கு வந்து பையைத் தூக்கினார்.

"போயிட்டு வாரேன் மீரான்."

"போங்க. கத்துக்கிட வந்தீங்க, ரெண்டு பரோட்டா வீசிட்டுப் போங்க."

"பஸ் நிக்கி, மீரான்!"

"நிக்கட்டும். வீசுங்க."

முன்தட்டிலிருந்து ஓர் உருண்டை. மேலே காய்ந்து ஏடு கட்டியிருந்தது. தட்டினால் சுருங்கியது. இழுத்தால் பிய்ந்தது. இன்னொன்று. அதுவும் கிழிந்தது.

"நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்!"

"தெரியுது" என்றான் மீரான்கனி. "பின்தட்டு?"

இஞ்ஞாசி நாக்கைக் கடித்தார். "அய்யோ. அப்பிடி ஒண்ணு இருக்கதையே மறந்துட்டேன்."

"எடுத்துட்டு வாங்க."

ஓர் உருண்டையைத் தட்டி, இரண்டு கையாலும் பிடித்து வீசினார். விரிந்தது. இன்னொரு வீச்சு. இன்னும் விரிந்தது. கல்மேடை விளிம்பைத் தாண்டி, மல்துணி மாதிரி, வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது.

"மீரான்! ஏ மீரான்! இங்க பாருடே! கிழியலடே!"

உயர்த்திப் பிடித்தார். மாவுக்கு அந்தப் பக்கம் தெரு தெரிந்தது. பூக்கடை தெரிந்தது. சிவப்பாகத் தூத்துக்குடி பஸ் தெரிந்தது.

விசில் அடித்தது. ஆணியில் தொங்கிய விசில் அல்ல, கண்டக்டருடையது. மாவின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு பஸ் மெதுவாக நகர்ந்து போனது.

இஞ்ஞாசி கையை இறக்கவில்லை.

பிறகு அதைச் சுருட்டி, தட்டி, கல்லில் போட்டார். வட்டமாக இருந்தது. பையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்து, யார் என்று பார்க்காமலே, விசிலுக்குப் பக்கத்தில் அலமாரியில் கவிழ்த்து வைத்தார்.

பரோட்டாவைத் திருப்பிப் போட்டார்.

"மீரான், ஒண்ணு கேக்கேன். இதுல மாவு யாரு? நானா, அந்தப் பிள்ளைகளா?"

கேட்டுக்கொண்டே பின்தட்டுத் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார்.

குரு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"துணியை மூடுங்க சார்."