முதல் வேண்டாம் என்ற கொடிக்கால்காரர்

நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முந்திய காலத்தில் பொற்கழனி நாட்டை வீரமகுடன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் பெரிய ஏரி வெட்ட ஆசைப்பட்டான். பொக்கிஷத்தில் பணம் போதவில்லை. ஊர் ஊராகத் தண்டோரா போட்டு ஜனங்களிடமே கடன் கேட்டான். கொடுத்தவர்களுக்கு முத்திரை குத்திய செப்புப் பட்டயம் கிடைத்தது. நூறு பொன் கொடுத்தால் வருஷத்துக்கு ஐந்து பொன் வட்டி. தை மாதம் தலைநகருக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷம் கழித்து முதல் முழுசாகத் திரும்பும். அதுவரை முதலைக் கேட்கக் கூடாது.

இரண்டு நாள் நடைத் தூரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த நல்லசிவம், சேர்த்து வைத்திருந்த அறுபது பொன்னையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். "குதிரை வியாபாரி நூற்றுக்குப் பதினைந்து தர்றானே, உனக்கு என்னய்யா கேடு?" என்று ஊரே சிரித்தது. அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. வெளியே சொல்லக்கூடிய காரணமா அது?

அவருடைய ஒரே மகள் பூவாயியைத் தலைநகரில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை பெற்றவர் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது வழக்கம். காரணமில்லாமல் போய் நின்றாலோ சம்பந்தியம்மாள், "பெண்ணைக் கொடுத்தீங்களா, இரவலா விட்டீங்களா?" என்று கேட்பாள். ஆனால் வட்டி வாங்க வந்தவர் வழியில் எட்டிப் பார்த்தால் யார் என்ன சொல்ல முடியும்?

தை பிறந்தால் மூன்று பொன் கைக்கு வரும். கரும்பும் வெல்லமும் வாங்கிக்கொண்டு மகள் வாசலில் ஒரு நாழிகை நிற்பார். "நல்லா இருக்கியா தாயி?" "நல்லா இருக்கேன்ப்பா." அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு நாழிகைக்காக மனிதர் வருஷம் முழுவதும் ஏங்கிக் கிடந்தார். வெற்றிலை கிள்ளும்போதும் அவள் முகம்தான், தண்ணீர் இறைக்கும்போதும் அவள் முகம்தான்.

நாலாவது வருஷம் ஏரி நிரம்பியது, களஞ்சியமும் நிரம்பியது. பொக்கிஷ அதிகாரி கனகசபையார் ராஜாவின் காதருகே குனிந்தார். இவருக்கு யார் கையில் காசு புழங்கினாலும் வயிறு எரியும்.

"மகாராஜா, இப்போது நூற்றுக்கு இரண்டு வட்டிக்கே கடன் தர ஆள் இருக்கிறது. இந்தப் பட்டிக்காட்டார்களுக்கு எதற்கு ஐந்து? முதலை விட்டெறிந்து பட்டயத்தைப் பிடுங்கிவிடலாம்."

"பிடுங்கும், இன்றைக்கே பிடுங்கும்!" என்றான் ராஜா.

வட்டி வாங்க வந்த ஜனங்கள் முழு முதலும் கிடைத்த குஷியில் பட்டயத்தை நீட்டினார்கள். நல்லசிவம் மட்டும் நீட்டவில்லை. வட்டி நின்றால் அடுத்த தைக்கு எந்த முகத்தோடு மகள் வாசலில் போய் நிற்பது?

"எனக்கு முதல் வேணாம். வட்டிதான் வேணும்" என்று பட்டயத்தை மடியில் செருகிக்கொண்டார். காவலர்கள் அவரைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"பணம் வேண்டாம் என்கிற பைத்தியத்தைப் பாருங்கள் மகாராஜா!" என்று கனகசபையார் சிரிக்க, சபையும் சேர்ந்து சிரித்தது.

நல்லசிவம் கும்பிட்டார். "மகாராஜா, ஒரு சந்தேகம். நாடு நொடிச்சு, ஊருல வட்டி பத்தாக ஏறியிருந்தா எனக்குப் பத்து கொடுத்திருப்பீங்களா?"

"அதெப்படி? பேசியது ஐந்துதானே!"

"இடையில எனக்குப் பண முடை வந்து முதலைக் கேட்டிருந்தா?"

"பன்னிரண்டு வருஷம் பொறு என்றிருப்பேன்."

"காலம் கெட்டா என்னைக் கட்டிப்போடுற பேச்சு, காலம் நல்லா இருந்தா உங்களைக் கட்டாதா மகாராஜா?"

ராஜா மீசையைத் தடவினான். கனகசபையாருக்கு முகம் சிவந்தது. "அட மூடா, உன் நன்மைக்குத்தான் சொல்கிறோம்! அறுபது பொன்னைக் குதிரை வியாபாரியிடம் போட்டால் ஒன்பது பொன் வருமே!"

"அப்படியா சாமி? சரி, போடுறேன். குதிரை வியாபாரி கைவிரிச்சா என் முதலுக்கு நான் பொறுப்புன்னு மகாராஜா முன்னால நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நானா? குதிரைகள் கப்பலில் வருகின்றன. புயல் வரலாம், நோய் வரலாம். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

"பாத்தீங்களா மகாராஜா? அவன் தர்ற பதினைஞ்சுல அஞ்சுதான் வட்டி. மிச்சம் பத்தும் நான் பயந்துகிட்டே படுக்கிறதுக்குக் கூலி."

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தான். "கனகசபையாரே, உம்முடைய நாக்கு துணிந்த அளவுக்கு மடி துணியவில்லையே! பட்டயம் வேண்டும் என்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஏனய்யா, மூன்று பொன்னுக்காகவா இத்தனை வாதாடினாய்?"

நல்லசிவம் தலை குனிந்தார். மகளைப் பற்றிச் சொன்னார். ராஜாவுக்கும் கட்டிக் கொடுத்த பெண் ஒருத்தி தூர தேசத்தில் இருந்தாள்.

"உன் சம்பந்தியம்மாளுக்கு ஓர் உத்தரவு போட்டுவிடட்டுமா? நினைத்த நாளெல்லாம் போய்ப் பார்."

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா! உத்தரவோட நான் போனா, நான் திரும்பின பிறகு திட்டு வாங்கப்போறது என் பொண்ணுதான். எனக்கு ஒரு குந்துமணிப் பொன்னும் கூடுதலா வேணாம். வருஷத்துக்கு ஒருதரம் தர்ற மூணு பொன்னை மாசாமாசம் கால் பொன்னாப் பிரிச்சுக் கொடுங்க, போதும்."

"கொடுத்தேன்! கனகசபையாரே, பௌர்ணமிதோறும் நீரே எழுந்து நின்று உம் கையால் எடுத்துக் கொடும்."

அன்று சாயங்காலம் நல்லசிவம் மகள் வாசலில் நின்றார். "இனிமே மாசாமாசம் வந்து வட்டி வாங்கணுமாம் சம்பந்தி, அரமனை ஏற்பாடு" என்றார் பொதுவாக. "மாசாமாசமா!" என்று முகவாயில் கை வைத்த சம்பந்தியம்மாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

பூவாயி தூணோடு ஒட்டி நின்றாள். கண் நிறைந்திருந்தது. மெல்லக் கேட்டாள், "அப்பா, பன்னிரண்டு வருஷம் முடிஞ்சா முதலைத் திருப்பிக் கொடுத்துடுவாங்களே?"

"கொடுக்கட்டும் தாயி. பொக்கிஷத்து வாசப்படி இறங்காம அங்கேயே மறுபடி போட்டுட்டு, உன்னைப் பாக்க வந்துடுவேன்."