கழுத்தில் பதிந்த கரி

கொன்றைமேட்டில் சிவன் கோயிலுக்குத் தெற்கு வீதியில் உலை வைத்துப் பிழைத்தவர் பொன்னாண்டியார். பெயரில்தான் பொன், வாழ்நாள் முழுக்க அவர் தொட்டதெல்லாம் இரும்பு. அரிவாளோ, களைக்கொட்டோ, மடக்குக் கத்தியோ, எதை அடித்தாலும் சுத்தியல் இறங்கும்போதெல்லாம் அவர் வாய் ‘சிவ சிவ’ என்று சொல்லும். துருத்தி இழுக்கும் மனைவி வடிவாம்பாளுக்கும் அதுவே தாளமாகிப் போயிருந்தது.

இத்தனை பக்தி உள்ளவர் கோயிலுக்குள் போனதில்லை. வாலிபத்தில் ஒரு நாள் உலையிலிருந்து நேரே ஓடிப்போய் வாசலில் நுழைந்தவரை அன்றைய மணியக்காரர் தடுத்தார். கையெல்லாம் இரும்புப் பொடி, இரும்பு சாமிக்கு ஆகாது, இந்தக் கையோடு உள்ளே வராதே என்றார். போய்க் கழுவிக்கொண்டு வா என்பதுதான் அதற்குப் பொருள். சொன்னவர் அன்று சாயங்காலமே மறந்துவிட்டார். கேட்டவரோ புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார். ரேகைக்குள் ஏறிய கருப்பு போகவில்லை. கொல்லர் கை வேறு எப்படித்தான் இருக்கும்? அது போகிற அன்றைக்கு உள்ளே போகலாம் என்று வாசலிலேயே நின்றார். நின்றபடியே தலை நரைத்துவிட்டது.

உள்ளே மண்டபத்தில் பிட்சாடனர் இருக்கிறார். ஓடு ஏந்திப் பிச்சைக்குப் புறப்பட்ட சாமி. தாயின் இடுப்பில் இருந்த வயதில் பொன்னாண்டியார் அந்த முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்திருந்தார். சிரித்த மாதிரி இருந்தது என்பது மட்டும் நினைவு. கண் எப்படி, உதடு எப்படி என்று யோசித்தால் பிடிபடாது. தேர் முறிந்து உற்சவம் நின்றுபோனதால் சாமி வீதிக்கு வருவதும் இல்லை. பூஜை மணி கேட்கும்போதெல்லாம் அந்த முகத்துக்காக அவர் ஏங்கிப் போவார். ‘வாசற்படி ஆசாரி’ என்று ஊர் சிரித்தது அவர் காதில் ஏறவே இல்லை.

“சொன்ன மனுஷனே போய்ச் சேந்தாச்சு. நீங்க மட்டும் இன்னும் வாசல்லயே நிக்கிறீங்க,” என்று வடிவாம்பாள் அலுத்துக்கொள்வார்.

“சொன்னது அவருதான். ஆனா சாமி வாசல்ல நின்னுல்ல சொன்னாரு,” என்பார் இவர்.

கோயிலுக்குப் பூக்கட்டும் ஐயாக்கண்ணுப் பண்டாரம் வாழைநார் அறுக்கும் கத்தியை இடுப்பில் செருகிக்கொள்வது வழக்கம். ஒரு நாள் குனிந்தபோது அது வயிற்றைக் கீறிவிட்டது. மடித்து வைக்கிற மாதிரி ஒன்று செய்து தரச்சொல்லி வந்தார். பொன்னாண்டியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் உள்ளே போகாவிட்டால் என்ன, தன் கத்தி அறுத்த நார் சாமி கழுத்துக்குப் போகுமே!

ஒடிந்த அரிவாள் ஒன்றைக் காய்ச்சி விரலளவு அலகாக அடித்தார். பதமான சிவப்பில் தண்ணீரில் தோய்த்தார். பூவரசங் கட்டையில் பிடி செதுக்கி, அலகு படுத்துக்கொள்ள நடுவே பள்ளம் அறுத்தார். அலகையும் பிடியையும் சேர்க்கும் செம்பு ஆணியில்தான் வேலையே இருக்கிறது. இறுகினால் கத்தி திறக்காது. தளர்ந்தால் கையை அறுக்கும். தட்டுவதும் திறந்து பார்ப்பதுமாக அன்று சோறு உண்ணக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் கட்டைவிரல் பட்டதும் திறந்தது. மடித்தால் இரும்பு வெளியே தெரியவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்னையும் இப்படி மடித்து யாராவது உள்ளே கொண்டுபோய்விட மாட்டார்களா என்று ஏக்கமாக இருந்தது.

மறுநாள் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தியாயிற்று. வெயிலில் ஓர் ஆண்டி ஓடு ஏந்தி உலைக்கு முன் வந்து நின்றார். பிச்சை கேட்கவில்லை, கழுத்தைக் காட்டினார். வாழைநார் ஒன்று முடிச்சு இறுகிச் சதையில் பதிந்திருந்தது.

“மூச்சு முட்டுதப்பா. அறுத்து விடு.”

பொன்னாண்டியார் பதறி எழுந்தார். புதுக் கத்தி படாமலிருக்க இடக்கை விரல்களை நாருக்கும் கழுத்துக்கும் நடுவே கொடுத்தார். கண்ணை முடிச்சை விட்டு எடுக்காமல் மெல்ல அறுத்தார். நார் விழுந்தது. ஆண்டி கத்தியை வாங்கித் திறந்து மடித்துப் பார்த்தார். கோயிலுக்குத்தான் போவதாகவும் தானே சேர்த்துவிடுவதாகவும் சொன்னார்.

“வாசல்ல பண்டாரத்துக்கிட்ட குடுத்துடுங்க சாமி. உள்ள இரும்பு ஆகாது.”

ஆண்டி சிரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பண்டாரம் வந்து கத்தி எங்கே என்றார். நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் பேர் தெரியாதவனிடம் கொடுத்து ஏமாந்தீரே என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குருக்கள் கோபமாக வீதியில் வந்தார். அவர் கையில் அந்தக் கத்தி இருந்தது.

“இது உன் வேலைதானே? பூட்டின மண்டபத்துல பிட்சாடனர் பாதத்துல கிடந்தது. யாரு கொண்டுவந்து வெச்சா?”

பொன்னாண்டியார் எழுந்து நின்று, ஆண்டி வந்ததையும், கழுத்தில் நார் இறுகியிருந்ததையும் சொன்னார். குருக்கள் முகம் வெளுத்தது. மத்தியானம் அவசரத்தில் மாலையை இறுக்கி முடிந்தவர் அவர்தான். இப்போது அந்த மாலையும் நார் அறுந்து கீழே கிடக்கிறது. சாமி கழுத்தில் கரியாக மூன்று விரல் தடம். புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அவர் பொன்னாண்டியாரின் இடக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“உள்ளே வாங்கோ,” என்றார்.

“கை...”

“இந்தக் கையோடதான் வரணும்.”

பிடித்த கையை விடாமலே அழைத்துப் போனார். தீபம் உயர்ந்தது. கண், உதடு, அந்தச் சிரிப்பு. மத்தியானம் உலைக்கு முன் நின்ற அதே முகம். “வீட்டுக்கே வந்தீங்களே, நான் முடிச்சையே பாத்துட்டு இருந்துட்டேனே,” என்று பொன்னாண்டியார் விம்மி அழுதார். பிறகு ஆசை தீரப் பார்த்தார்.

உற்சவம் நின்ற ஊரில் அவர் ஒருவருக்காக வீதிக்கு வந்த சாமி அது. நஞ்சுண்ட கறையோடு ஒரு கொல்லரின் விரற்கறையையும் கழுத்தில் வைத்துக்கொண்டது. அந்தக் கருத்த விரல்களை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.