மொட்டைத் திட்டு

கொடைக்கானல் மலையில், ஒரு பைன் தோட்டத்தை ஒட்டி நாச்சியாரம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு தகரக் கொட்டகை, ஒரு அடுப்படி. அங்கே சீடராக இருந்த சுருளிவேல், வனத்துறையில் மரம் அளந்து ஓய்வு பெற்றவர். காடு நிற்கும்போதே, வெட்டினால் எத்தனை கன மீட்டர் மரம் தேறும் என்று கணக்குச் சொல்வதுதான் அவருக்குக் காலமெல்லாம் வேலை.

அன்று காலை கம்பத்திலிருந்து போன் வந்தது. அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டாராம். தம்பியைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

"நான் போகலைம்மா," என்றார் சுருளி. "என் பொண்டாட்டி செத்தப்ப அந்தாளு எட்டிக்கூடப் பார்க்கலை. எப்படிப்பட்ட மனுஷன்னு தெரிய அது ஒண்ணு போதும். நான் போகாதது தப்பா?"

அம்மா அவரை மரம் அளக்கும் பழைய டேப்பை எடுத்துவரச் சொல்லி, பைன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பாதையோரத்தில், போன புயலில் மரமெல்லாம் சாய்ந்து மொட்டையாகக் கிடந்த ஒரு திட்டில் நின்றார்.

"இந்தத் தோட்டத்துல எவ்வளவு மரம் தேறும்? இங்கேயே அளந்து சொல்லுங்க."

சுருளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தொழிலில் குருவும் அவருக்குச் சின்னப் பிள்ளைதான்.

"இங்க அளந்தா காடே இல்லைன்னுல்ல வரும். ஒவ்வொரு மரமா அளந்து மாளாதும்மா. உள்ளே போய் அங்கங்க ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள நிக்கிறதை மட்டும் அளப்போம். அதை வெச்சு மொத்தத் தோட்டத்துக்கும் கணக்குப் போடுவோம். ஒரே வட்டத்தை நம்பிச் சொன்னா, வேலைக்குப் புதுசுன்னு சிரிப்பாங்க."

"அப்படியா," என்றார் அம்மா. "உங்க அண்ணனை எத்தனை வட்டம் போட்டு அளந்தீங்க?"

சுருளி கையிலிருந்த டேப்பைக் கொஞ்சம் இழுத்து, மறுபடி சுற்றினார்.

"அப்பா போனதும் படிப்பை விட்டுட்டு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனது எங்கண்ணன்தான்," என்றார் மெதுவாக. "இல்லைன்னா எனக்கு ஏது படிப்பு, ஏது உத்தியோகம்? நான் காய்ச்சல்ல கிடந்தப்ப, ஆத்து வெள்ளத்துல தோள்மேல தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரில சேர்த்தாரு. எனக்குப் பொண்ணு பார்த்ததே அவர்தாம்மா."

ஒரு நாளாவது இதற்கெல்லாம் அண்ணனிடம் நன்றி சொன்னதில்லையே என்று மனசு பதறியது.

மதிய பஸ்ஸுக்குப் பையோடு புறப்பட்டவர், வாசலில் தயங்கி நின்றார்.

"என் பொண்டாட்டி சாவுக்கு அண்ணன் வராமப் போனாரே. அந்த மொட்டைத் திட்டைக் கணக்குல சேர்க்காம விட்டுரணுமாம்மா?"

"எதுக்கு விடணும்? சேர்த்துக்கங்க," என்றார் அம்மா. "ஒரு வட்டம்தானே."