கப்பலில் வந்த பள்ளிக்கூடம்

ஆட்டைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவனைப் பற்றி என் பெரியப்பா ஒரு சொலவடை சொல்வார். ஆடு கடைசியில் எங்கே இருந்தது என்பதுதான் மறந்துவிட்டது. அதற்கு அவர் சொன்ன இந்தக் கதை மட்டும் ஞாபகமிருக்கிறது.

மன்னர் அடலேறு வர்மருக்குத் திடீரென்று நாட்டுப் பள்ளிகள் மேல் சலிப்பு வந்தது. "கடல் தாண்டிப் போய், இருப்பதிலேயே சிறந்த கல்வி முறையைக் கொண்டு வாரும்" என்று சபை விகடர் சாத்தையாவைக் கப்பலேற்றினார்.

சில வருஷம் கழித்துச் சாத்தையா வந்து இறங்கினார். கையில் குடை. காலில் பூட்ஸ். பேசினால் பாதி புரியவில்லை. மீதி அவருக்கே புரியவில்லை.

கரையில் திவான் கெடிலப்பர் காத்திருந்தார். "வாரும் ஓய்! உம்முடைய புது முறைக்கு இடம் வேண்டாமா? நம்மூர்ப் பள்ளிகளையெல்லாம் வருகிற பௌர்ணமியோடு மூடச் சொல்லிவிட்டேன்."

சாத்தையா குடையை மடக்கிக்கொண்டு நேரே சபைக்கு நடந்தார்.

சபையில் மன்னர் கேட்டார்: "என்னய்யா பார்த்தீர்?"

"முதல் தேசத்தில் ஒரு வாத்தியாரை மேற்பார்வையிட நாலு அதிகாரிகள், மகாராஜா. அவர்களுக்குப் பதில் சொல்லவே வாத்தியாருக்குப் பொழுது சரியாகிவிடுகிறது."

"சரிப்படாது. அடுத்தது?"

"அடுத்த தேசத்தில் வருஷம் பூராவும் பரீட்சை. படிப்பதற்கு மட்டும் லீவு விடுகிறார்கள்."

"ஐயையோ!"

"மூன்றாவது தேசத்தில்தான் அசந்துபோனேன். ஒரே வாத்தியார், கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும். மணலில் விரலால் எழுத்து. ஒருத்தரும் சும்மா இல்லை."

திவான் துள்ளி எழுந்தார். "அபாரம்! சீமைக்காரன் மூளையே மூளை! நம்மூர் வாத்தியார்களுக்கு ஏழு ஜன்மத்திலும் இது தோன்றுமா?"

"அப்படியானால் நாடு முழுக்க இதே முறை என்று முத்திரை வைத்துவிடலாமா?" என்று கேட்டார் சாத்தையா.

"வையுங்கள், மகாராஜா, வையுங்கள்!" என்றார் திவான். மன்னர் முத்திரை மோதிரத்தை அழுத்தினார்.

"மாதிரிப் பள்ளி ஒன்று தயார், மகாராஜா" என்றார் சாத்தையா.

பல்லக்கு தெற்குத் தெரு தாண்டிப் புளியமரத்தடியில் நின்றது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதவைத்துக்கொண்டிருந்தார்கள்.

திவான் முகம் சுண்டிப்போயிற்று. "ஓய்! இது நம்ம முத்தையா வாத்தியார் பள்ளி! நான் மூடச் சொன்னது!"

"அதேதான். 'இந்த முறையை எங்கே பிடித்தீர்கள்?' என்று சீமையில் விசாரித்தேன். 'உங்கள் பக்கம் வந்த ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்' என்றார்கள்."

மன்னருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதைக் கப்பலேறும் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?"

"தெரிந்தால்தானே, மகாராஜா! இதே மரத்தடியில் நான்தான் சட்டாம்பிள்ளை. சின்னதுகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதற்குப் பெயர் கல்வி முறை என்று சீமையில்தான் சொன்னார்கள். அதுவரை, வாத்தியார் தூங்குகிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் முத்தையா வாத்தியார் கண் விழித்தார்.

பள்ளிகளை மூட வேண்டாம் என்றார் மன்னர். நம்மூர்ப் பள்ளி எப்படியென்று சீமையில் கேட்டுவர அடுத்த கப்பலில் திவானை அனுப்பச் சொன்னார்.