காலித் தொட்டில்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் மனதில் ஓர் ஆசை புகுந்துவிட்டால் அன்று மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். ஒரு சித்திரை மாதம், ஏரிக்கு அக்கரையில் உள்ள ஊர்களுக்கு ஊர்வண்டி விட வேண்டும், ஏழை எளியவர் யாரும் அதில் ஏறிக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டார். அதற்குப் பாதை போட வேண்டுமே!

இதைக் கேட்டு எல்லாரையும்விட அதிகம் மகிழ்ந்தவன் அரண்மனை விகடகவி மருதையன். அவன் தங்கை பவுனு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள், இப்போது பிள்ளைத்தாய்ச்சி. மருத்துவச்சியோ அரண்மனைக்குப் பின்தெருவில் இருந்தாள். வலி எடுத்தால் தங்கை எப்படி அங்கே வந்து சேருவாள் என்ற கவலையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பாதை போடுமுன் அங்கே யார் யார் வாழ்கிறார்கள், யாருக்குக் கேடு வரும் என்று பார்த்துச் சொல்வது அந்நாட்டு வழக்கம். பிரதானி வீரபாகு பல்லக்கில் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார்.

"ஏரி வற்றிக் கிடக்கிறது, மன்னா. மரங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. நடுவே மண்ணை மேடாக்கி நேராகப் பாதை போடலாம்."

மழைக்காலத்தில் அந்த ஏரி எப்படி இருக்கும் என்று தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்தவன் மருதையன்.

"மன்னா, பாதை அவசியம் வேண்டும். ஆனால் ஏரிக்குள் வேண்டாம். கரைமேல் சுற்றிப் போகட்டும்" என்றான்.

மருதையன்மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்ட வீரபாகு இதற்காகத்தானே காத்திருந்தார்! "அரச ஆணைக்கே முட்டுக்கட்டை போடுகிறான், மன்னா! ஏரிக்குள் குடியிருப்பவர் யாரென்று நாளைக்குள் காட்டட்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜாவும் கோபத்தில், "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சபை கலைந்ததும் ராஜா, வீரபாகு பின்தொடர, தவமிருந்து பெற்ற மகனைக் கொஞ்சப் போனார். அறைக்குள் ஜன்னல் வழியாக ஒரு கயிறு வந்திருந்தது. அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு மருதையன் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கே என்னடா செய்கிறாய்?"

"பாதை அளக்கிறேன், மன்னா. பிரதானி போட்ட கோட்டை மருத்துவச்சி வீடுவரை நேராக இழுத்தால் இந்த அறை வழியாகத்தான் போகிறது. நன்றாகப் பார்த்துவிட்டேன். தொட்டில் காலி. இங்கே யாரும் குடியிருக்கவில்லை."

"மூடனே! குழந்தை தாயோடு நந்தவனத்துக்குப் போயிருக்கிறான். பசித்தால் இங்கேதானே வருவான்!" ராஜா சீறினார்.

மருதையன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினான். "அவர்களும் வருவார்கள், மன்னா. ஐப்பசியில் ஏரி நிரம்பியதும் நாரைகள் வந்து ஏரிக்குள் நிற்கும் மரத்துக்கு மரம் கூடு கட்டும். குஞ்சு பொரிக்க அவற்றுக்கு வேறு இடம் இல்லை. பிரதானி போய்ப் பார்த்தது குடியிருப்பவர்கள் வெளியூர் போயிருக்கும் நேரம்."

ராஜா தொட்டிலைத் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"பாதை கரைமேலேயே போகட்டும். வீரபாகு, மழைக்காலம் முழுதும் ஏரிக்கரையில் குடிசை போட்டுத் தங்கி, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாரும்! மருதையா, உனக்கு என்ன வேண்டும்?"

"என் தங்கைக்குப் புரட்டாசியில் பேறுகாலம், மன்னா. அதற்குள் வண்டி ஓட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்."

"ஆவணியிலேயே ஓடும்!" என்ற ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கையில் வைத்தார். "இது உனக்கில்லை. பிறக்கப்போகும் உன் மருமகனுக்கு."

"மருமகளாகப் பிறந்துவிட்டால், மன்னா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்படியானால் இன்னொரு மாலையும் உண்டு. பிறந்ததும் ஊர்வண்டியில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்!"